முதல் டிராஃப்ட்: ஓடுபவரை எடுப்பதா, பிடிப்பவரை எடுப்பதா?

அமெரிக்காவில் ஆகஸ்ட் பிறந்தால் அலுவலகங்களில் ஃபேண்டஸி ஃபுட்பால் பேச்சு தொடங்கிவிடும். நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு அது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டங்களை அரைகுறையாகப் பார்ப்பவரைக்கூட "ஓர் ஆள் குறைகிறது, சேர்ந்துகொள்ளுங்கள்" என்று இழுத்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தவருக்கு முதல் நாளே எழும் கேள்வி: ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் முதல் சுற்றில், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கை எடுப்பதா, எறியும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவரை எடுப்பதா? இதில் நெடுங்காலமாக இரண்டு கட்சிகள் உண்டு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்த பந்துக்கு முழுப் புள்ளி தரும் லீக்கில் (சேர்ந்து ஆடும் குழுவில்), புதிதாக ஆடுபவர் ரிசீவரில் தொடங்குவதே நல்லது.

ரன்னிங் பேக் கட்சியின் வாதம் பற்றாக்குறை. என்எஃப்எல்லில் 32 அணிகள். ஓட்டப் பொறுப்பின் பெரும்பகுதியை ஒரே ஆளிடம் ஒப்படைக்கும் அணிகள் அவற்றில் சிலவே. மற்றவை இரண்டு பேருக்குப் பங்கிட்டுவிடுகின்றன. உங்கள் லீக்கில் 12 பேர், ஆளுக்கு இரண்டு ரன்னிங் பேக் என்றால் வாரம் 24 பேர் வேண்டும். நம்பத் தகுந்தவர்கள் முதல் சில சுற்றுகளிலேயே தீர்ந்துவிடுவார்கள். 2024இல் பிலடெல்பியா ஈகிள்ஸுக்காக 2,005 யார்டு ஓடிய சாக்வான் பார்க்லி போன்ற ஒருவர் கையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது என்பார்கள். அது உண்மைதான்.

ஆனால் அதே ஆண்டு பெரும்பாலான டிராஃப்ட்டுகளில் முதல் ஆளாகப் போனவர் பார்க்லி அல்ல, கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. முந்தைய பருவத்தில் 1,459 யார்டு ஓடி, மொத்தம் 21 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டு சேர்ப்பது) எடுத்தவர். அவரை எடுத்ததில் யாருடைய தவறும் இல்லை. காயத்தால் அந்தப் பருவத்தில் அவர் ஆடியது நான்கே ஆட்டங்கள். ஓடுபவர் ஒவ்வொரு முறையும் தடுப்பாளர்கள் நடுவே மோதி விழுகிறார். அந்த அடியின் விலை இது. ரிசீவர்களுக்கும் காயம் வரும். ஆனால் வாரந்தோறும் இருபது முறை அடி வாங்கும் வேலை அவர்களுக்கு இல்லை.

இனிப் புள்ளிக் கணக்குக்கு வருவோம்; முடிவைத் தீர்மானிப்பது இதுதான். வழக்கமான விதிப்படி ஓடியோ பிடித்தோ கடக்கும் 10 யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு 6. பிபிஆர் எனப்படும் முறையில், பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் கூடுதலாக ஒரு புள்ளி. 2024இல் சின்சினாட்டி பெங்கால்ஸின் ஜமார் சேஸ் 127 பந்துகளைப் பிடித்தார். பார்க்லி பிடித்தது 33. ஒரு யார்டுகூடக் கணக்கில் எடுக்காமலே, இந்த ஒரு விதியால் சேஸுக்கு 94 புள்ளிகள் அதிகம். அரைப் புள்ளி லீக்கில் அது 47 ஆகச் சுருங்கும். பிடித்ததற்குப் புள்ளியே இல்லாத லீக்கில் அந்த அனுகூலம் மறைந்துவிடும். அங்கே நானும் ரன்னிங் பேக் கட்சிதான். ஆகவே ஆட்டக்காரர் பட்டியலைத் திறப்பதற்கு முன் உங்கள் லீக்கின் விதிப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். மூன்று ரிசீவர்களை இறக்கச் சொல்லும் லீக் என்றால் தேவை 36 ஆக உயர்ந்து, பற்றாக்குறை வாதமே கட்சி மாறிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, புதியவர்கள் கவனிக்காதது. முதல் ரன்னிங் பேக் காயமடைந்தால் அவருடைய வேலையில் பெரும்பங்கு அடுத்த ஆளிடம் போகிறது. ரிசீவர் காயமடைந்தால் அவருக்கு வரவேண்டிய பந்துகள் நான்கைந்து பேரிடம் சிதறிவிடுகின்றன. அதனால்தான் யாரும் எடுக்காத ரன்னிங் பேக் ஒருவர் நடுப்பருவத்தில் திடீரென்று முக்கியமானவர் ஆகிறார். காயம்தான் வேண்டும் என்பதில்லை: 2023இல் ராம்ஸ் அணியின் கைரன் வில்லியம்ஸ், முதல் ஆள் ஒதுக்கப்பட்டதால் பருவத் தொடக்கத்திலேயே அப்படி எழுந்தவர். 12 ஆட்டங்களில் 1,144 யார்டு. எதிர்க்கட்சி இங்கே குறுக்கிடும்: அதே ஆண்டு, அதே ராம்ஸில், என்எஃப்எல்லின் சொந்த டிராஃப்ட்டில் ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்ட புதுமுகம் பூக்கா நக்குவா 105 பந்து பிடித்து 1,486 யார்டு குவித்தாரே, அவர் ரிசீவர் அல்லவா? ஆம். ஆனால் அப்படியொரு ரிசீவர் இலவசமாகக் கிடைப்பது அபூர்வம்.

முதல் சில சுற்றுகளில் ரன்னிங் பேக்கே வேண்டாம் என்னும் 'ஜீரோ ஆர்பி' தீவிரத்தை மட்டும் முதன்முறை ஆடுபவருக்கு நான் சொல்ல மாட்டேன். அதற்கு வாரந்தோறும் காயச் செய்திகளைத் துரத்தி, யாருக்கும் சொந்தமில்லாத ஆட்களை மற்றவர்களுக்கு முந்திக் கோர வேண்டும். முதல் மூன்று சுற்றுகளில் ஒரே ஒரு திடமான ரன்னிங் பேக், மற்ற இரண்டும் ரிசீவர், பிறகு நடுச்சுற்றுகளில் மாற்று ரன்னிங் பேக்குகளைச் சேர்ப்பது: இந்த நடுவழி உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் காப்பாற்றும்.

டிராஃப்ட் முறையையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பாம்புபோல் வளைந்து திரும்பும் 'ஸ்னேக்' முறையில், ஒரு சுற்றின் கடைசி ஆளே அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். 12 பேர் லீக்கில் முதல் இடத்தில் இருப்பவருக்கு 1ஆம் தேர்வு, பிறகு 24, 25. கடைசியில் இருப்பவருக்கு 12, 13, பிறகு 36. இடையில் 22 பேர் போய்விடுவதால், ஒருவரை விட்டால் அவர் திரும்பக் கிடைப்பார் என்று நம்பக் கூடாது. பெயர்களை வரிசையாக அல்லாமல் தரவாரியாகக் கட்டங்களாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் இருவரே மிச்சம் என்றால் உடனே எடுத்துவிடலாம். ஏல முறை ஐபிஎல் ஏலத்தைப் போன்றது. பொதுவாக ஆளுக்கு 200 டாலர் கற்பனைப் பணம்; யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்கலாம். ஏலமே நியாயமானது, ஆனால் விலை தெரியாதவர் பாதி நேரத்தில் பணத்தைத் தீர்த்துவிடுவார். முதல் ஆண்டுக்கு ஸ்னேக் போதும்.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ஒருவரை மட்டும் இறக்கும் லீக்கில் 12 பேர் போதும், களத்தில் 32 பேர் இருக்கிறார்கள். உதைப்பவரும் தற்காப்பு அணியும் கடைசி இரண்டு சுற்றுகளுக்கு. 1963இல் ஓக்லண்டில் நடந்த முதல் ஃபேண்டஸி டிராஃப்ட்டில் முதலில் எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. அவர் குவார்ட்டர்பேக், உதைப்பவர் இரண்டுமாக இருந்தவர். இன்று தேர்ந்த கைகள் பின்னுக்குத் தள்ளும் இரண்டு இடங்களும் அன்று ஒரே ஆளிடம் முதலிடம் பெற்றன. விதி மாறினால் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு.

டிராஃப்ட் தேதியைப் பற்றி உங்களைக் கேட்டால், என்எஃப்எல் அணிகள் ஆட்களை 53ஆகக் குறைக்கும் ஆகஸ்ட் இறுதிக்குப் பின் வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் முன்பருவ ஆட்டங்கள் முடிந்து, யாருக்குக் காயம், எந்த அணியில் ஓட்டப் பொறுப்பு யாருக்கு என்பது பெருமளவு தெரிந்திருக்கும். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே டிராஃப்ட் என்று முடிவாகிவிட்டால், ரிசீவரில் தொடங்க அது இன்னொரு காரணம்.