90 நொடியா, 120 துடிப்பா? மலையில் ஓடுகிறவர்களுக்கு எந்த ஓய்வு சரி

கொடைக்கானல் ஏரி ரோட்டில் காலையில் வேக ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு ஓட்டம் முடிந்ததும் ஸ்டாப்வாட்சைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. கழுத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பவர்கள் இன்னொரு வகை. கீழே சமவெளியில், வத்தலக்குண்டில் ஓடிக்கொண்டிருந்தவரை நான் ஸ்டாப்வாட்ச் ஆள். மேலே குடிவந்த பிறகு நாடிக்கு மாறிவிட்டேன். ஆகவே கீழே வருவது நடுநிலையான ஒப்பீடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

400 மீட்டர் வேகமாக ஓடுவது, நிறுத்தி மூச்சு வாங்குவது, திரும்பவும் ஓடுவது. இந்தப் பயிற்சியில் எத்தனை ஓட்டம், என்ன வேகம் என்பதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நடுவில் விடும் ஓய்வைத்தான் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இத்தனைக்கும் 90 நொடி ஓய்வு, நாடி 120-க்கு இறங்கும்வரை ஓய்வு என்ற இரண்டு கணக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. 1930களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் சேர்ந்து உருவாக்கியது. ஓடும்போது நாடி நிமிடத்துக்கு 180 துடிப்பு வரை ஏறலாம். அது 120-க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். இறங்க 90 நொடிக்கு மேல் ஆனால் ஓட்டம் கடுமையாகிவிட்டது என்று அர்த்தம். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் 800 மீட்டரை 1:46.6-ல் ஓடி உலக சாதனை படைத்தார். அந்த 90 நொடி வெறும் உச்சவரம்புதான். நம்மூர் கோச்சுகளின் நோட்டில் 120 காணாமல் போய், 90 மட்டும் தங்கிவிட்டது.

கடிகார ஓய்வின் நன்மைகள் தெரிந்தவைதான்: எளிது, எல்லாருக்கும் ஒரே அளவு, போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடலாம். சமவெளியில் எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

மலையில் விஷயம் வேறு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. சரி, அப்படியென்றால் முதல் ஓட்டமே தள்ளாட வேண்டுமே? தள்ளாடாது. இங்கேதான் ஏமாந்துபோகிறோம். குறுகிய வேக ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி தசைக்குள்ளேயே இருப்பில் இருக்கிறது. ஓடும் அந்த நேரத்துக்கு ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டி கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம்தான், 2,240 மீட்டர். அங்கே லீ எவன்ஸ் 400 மீட்டரை 43.86 நொடியில் ஓடி உலக சாதனை செய்தார். அதே போட்டியில் 10,000 மீட்டரை வென்ற நஃப்தாலி தெமுவுக்கு ஆன நேரம் 29:27.4. அப்போதைய உலக சாதனை 27:39.4. அதை வைத்திருந்த ரான் கிளார்க் அந்த ஓட்டத்தின் முடிவில் மயங்கி விழுந்தார்.

செலவுக்கு ஆக்சிஜன் அவ்வளவாக வேண்டாம். செலவழித்த இருப்பைத் திரும்ப நிரப்பத்தான் வேண்டும். அந்த நிரப்புதல் நடப்பது ஓய்வு நேரத்தில். அப்படிப் பார்த்தால் உயரத்தில் அடிவாங்குவது ஓட்டத்தைவிட ஓய்வுதான். கீழே 90 நொடியில் நடந்துவிடும் வேலை மேலே அதே 90 நொடியில் முடிவதில்லை. முதல் இரண்டு ஓட்டம் ஜோராக இருக்கும். நான்காவதில் கால் கல்லாகக் கனக்கும். ஆள் பயிற்சியைக் குறை சொல்வார், இல்லாவிட்டால் ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவைக் குறை சொல்வார்.

நாடி பார்த்து ஓடினால் இந்தக் குழப்பம் இல்லை. முதல் ஓட்டத்துக்குப் பிறகு சீக்கிரம் இறங்கும் நாடி, போகப்போக மெதுவாக இறங்கும், ஓய்வும் தானாக நீளும். ஒரு கட்டத்தில் எவ்வளவு நடந்தாலும் 120-க்கு வராது; அன்றைக்குக் கடையை மூட வேண்டியதுதான். முறையும் சுலபம்: 10 நொடிக்கு எண்ணுங்கள், 20 துடிப்பு வந்தால் 120. நாடி காட்டும் கைக்கடிகாரத்தின் பச்சை விளக்கை மட்டும் மார்கழி, தை மாதங்களில் நம்பாதீர்கள். குளிரில் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவதால் அது கண்டபடி காட்டும். கழுத்தில் வைக்கும் விரலுக்குச் சார்ஜும் வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு வழி, செக் ஓட்டவீரர் எமில் சாடோபெக் செய்ததுபோல நடுவில் 200 மீட்டர் மெல்லோட்டம். குளிருக்கு நல்லது, கெண்டைக்கால் விறைக்காது. ஆனால் இந்த உயரத்தில் மெல்லோட்டமே பாதி வேலை வாங்கிவிடுகிறது. நான் நடக்கிறேன், நிற்பதில்லை.

கடிகாரம் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. பள்ளிக்கூட டீமில் இருபது பிள்ளைகள் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்பினால் பி.டி. சார் பாடு திண்டாட்டம்தான். அதோடு பிள்ளைகளின் நாடி இயல்பிலேயே கூடுதலாக ஏறும், 120 அவர்களுக்கான எண் இல்லை. ஓய்வு நம் கையில் இல்லாத விளையாட்டுகளும் இருக்கின்றன. கபடியில் ஒரு ரெய்டு 30 நொடி. எதிரணி உங்கள் நாடிக்காகக் காத்திருக்காது. வாட்டர் ஸ்கீயிங் ஸ்லாலத்தில், அதாவது படகு கயிற்றால் இழுக்க மிதவைகளை வளைந்து வளைந்து கடக்கும் போட்டியில், 259 மீட்டர் பாதையை 58 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 16 நொடிதான் ஆகிறது.  படகு திரும்பும் இடைவெளிதான் மூச்சுவிடும் நேரம். இப்படிப்பட்டவர்கள் கடிகாரத்தோடு பழகுவதே சரி. பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நாடிக் கணக்கு உதவாது, மருந்தே துடிப்பை அடக்கி வைத்திருக்கும்.

ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் என்று நீளும் ஓட்டங்களை நான் அதிகம் செய்ததில்லை. அதனால் நான் சொல்வதை 400-க்கும் அதற்குக் குறைந்த தூரத்துக்கும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல், மதுரையிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் மேலே வந்து ஓடுகிறவர்களுக்கு: ஓட்டங்களின் எண்ணிக்கையில் கை வையுங்கள், ஓய்வில் வைக்காதீர்கள். அப்புறம், விடியும்போதே வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் ஏரி ரோட்டில் வாடகை சைக்கிளும் குதிரையும் இறங்கிவிடும்; ஓய்வென்ன, ஓட்டத்துக்கே வழி கிடைக்காது.