பெலனாப்சிஸா, டென்ட்ரோபியமா?

முதல் ஆர்க்கிட் வாங்கப் போகிறவர்கள் திண்டாடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 1856-இல் மனிதர் உருவாக்கிய முதல் கலப்பின ஆர்க்கிட் பூத்ததிலிருந்து கலப்பினங்கள் பெருகிவிட்டன. இன்று விற்பனைக்கு வரும் இவ்விரண்டும் பெரும்பாலும் கலப்பினங்களே.

வெளிச்சம்: பெலனாப்சிஸுக்கு ஜன்னலோர மென்வெளிச்சம் போதும். டென்ட்ரோபியத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். நிழலில் இலை விடும், பூக்காது.

தண்ணீர்: இங்கேதான் பலரும் செடியைக் கொல்கிறார்கள். டென்ட்ரோபியத்தின் கரும்பு போன்ற தண்டு நீரைச் சேமிக்கும். இரண்டு நாள் மறந்தாலும் தாங்கும். பெலனாப்சிஸுக்கு அந்தத் தண்டு இல்லை. அதன் வேரைப் பாருங்கள்: வெள்ளி நிறமானால் தாகம், பச்சையானால் போதும். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அழுகிவிடும். நான் ஒன்றை அப்படித்தான் இழந்தேன்.

பூ: பெலனாப்சிஸ் பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும், ஆனால் மொட்டுத்தண்டு விட, சில வாரம் இரவு சற்றுக் குளிர வேண்டும். வெப்பத்தில் வளரும் கலப்பின டென்ட்ரோபியத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டிவிடாதீர்கள், அதிலும் பூக்கும்.

வீட்டுக்குள் மேசைமேல் வைக்க பெலனாப்சிஸ். வெயில் எட்டும் பால்கனியும் வெப்பமான இரவும் இருந்தால், யோசிக்காமல் டென்ட்ரோபியம்.