வெள்ளி மேல் வெள்ளை எழுத்து: ஐந்து ரோடு ஸ்டுடியோவில் கேப்ஷன் போட்ட கதை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். முன்பு புது மாடலுக்குப் போட்டோ அனுப்புவோம், இப்போது வாரம் ஒரு வீடியோ. ஆத்தூரில் பல வருஷமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவருக்குக் காது கேட்காது. "உங்க அப்பா வாயசைக்கிறது தெரியுது, எடையும் டச்சும் (வெள்ளியின் சுத்தம்) தெரியல, பழையபடி போட்டோவே அனுப்புங்க" என்று மெசேஜ் போட்டார்.

சரி என்று ஒரு ஆப்பில் தானாக வரும் கேப்ஷனை, அதாவது பேசுவதை அப்படியே எழுத்தாகத் திரையில் காட்டுவதை, முயன்றோம். அப்பா சொன்ன 'சேதாரம்' அதில் 'சே தாரம்' என்று வந்தது. அம்மா அன்று முழுக்க அப்பாவிடம் பேசவில்லை.

அப்புறம்தான் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். நிமிஷத்துக்கு 150 ரூபாய், ஆளே உட்கார்ந்து கேட்டு டைப் செய்கிறார். பிழையே இல்லை, எடையை '120 கிராம்' என்று எண்ணிலேயே போட்டிருந்தார்கள், வியாபாரிக்கு வேண்டியது அதுதான். ஆனால் முதல் வீடியோவில் வெள்ளை எழுத்தைக் கொண்டுபோய் வெள்ளிக் கொலுசின் மேலேயே வைத்திருந்தார்கள்! எழுத்தும் தெரியவில்லை, கடைக்காரர்கள் முதலில் பார்க்கும் கொக்கியும் சலங்கையும் மறைந்துவிட்டன. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டியில் இருப்பதைக் காட்டினேன், மறுபேச்சில்லாமல் கறுப்புப் பட்டை போட்டு, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வராமல் மாற்றித் தந்தார்கள். தொடக்கத்தில் பளிச் பளிச்சென்று மின்னும் எஃபெக்ட் ஒன்று இருந்தது, அதையும் எடுக்கச் சொன்னேன். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரலாம். இதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்கவில்லை.

காசு கேட்டது எஸ்.ஆர்.டி. ஃபைலுக்கு, அதாவது கேப்ஷன் எழுத்தும் அது வரவேண்டிய நேரமும் மட்டும் இருக்கும் தனி ஃபைலுக்கு. வாட்ஸ்அப்புக்கு எழுத்தைப் படத்தோடு ஒட்டித்தான் தர வேண்டும், யூடியூபுக்குத் தனி ஃபைலாக ஏற்றினால் பார்க்கிறவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளலாம். ஒரே தடவை டைப் செய்ததற்கு இரண்டு பில் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை, முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சைகை மொழி பெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்தார்கள். அவரைப் புளியங்கொட்டை அளவுக் கட்டத்தில் மூலையில் ஒடுக்கிவிட்டார்கள். சைகை மொழியில் முகபாவமும் இலக்கணம்தான், முகமே தெரியாவிட்டால் எதற்கு அது? இதில் ஆத்தூர்க்காரர் வேறு, "எனக்கு முப்பது வயசுக்கு மேலதான் காது போச்சு, சைகை தெரியாது, எழுத்து போதும்" என்றுவிட்டார். செலவு செய்யும் முன் அவரைக் கேட்டிருக்க வேண்டும், அது என் தப்பு.

பார்வையற்றவர்களுக்காகத் திரையில் தெரிவதைக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்பு செய்வீர்களா என்று கேட்டதற்கு, "பேக்ரவுண்ட் மியூசிக்கா சார்?" என்றார்கள். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவில் கேப்ஷன், சைகை மொழியோடு இதுவும் இருக்கிறது, ஆனால் ஸ்டுடியோவுக்கு அந்தப் பேச்சே எட்டவில்லை. ஏற்காட்டில் பேன்சி கடை வைத்திருக்கும் பார்வையில்லாத அக்கா ஒருவர் எங்கள் வீடியோவைக் கேட்டுவிட்டு, "இதோ பாருங்க, இதோ பாருங்கன்னு பத்து வாட்டி சொல்றீங்களே தம்பி, என்னத்தப் பாக்குறது?" என்றார். இப்போது அப்பா, "அரை விரல் அகலம், நடுவுல மயில், ஓரத்துல சிவப்புக் கல், ஜோடிக்குப் பத்து சலங்கை" என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுகிறார். இதற்கு ஸ்டுடியோவே தேவைப்படவில்லை.

கேப்ஷனுக்கு மட்டும் தாராளமாகப் போகலாம். டச், கூலி, சேதாரம் மாதிரி உங்கள் தொழில் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பாதித் திருத்தம் மிச்சம். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ குவிந்துகிடக்கும், பத்து நாள் இழுப்பார்கள். ஆடியில் போனால் மறுநாளே கையில் கிடைக்கும்.