சபை அலமாரியில் காதல் கதைகள்: சுங்கை சிப்புட்டில் ஓர் இரவல் நூலகம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில் வேதாகமம் கிடைக்கும், பாட்டுப் புத்தகம் கிடைக்கும், வசனம் அச்சடித்த நாட்காட்டியும் கிடைக்கும். தமிழில் ஒரு கிறிஸ்தவ நாவல் வேண்டுமென்றால் ஈப்போவுக்கு பஸ் ஏற வேண்டும். அங்கேயும் தேடித்தான் எடுக்க வேண்டும். ஊரிலுள்ள ஒரு தமிழ்ச் சபை ஆராதனைக் கூடத்தின் பின்னறையில் வைத்திருக்கும் இரவல் அலமாரிக்கு அதனாலேயே ஒரு மரியாதை உண்டு.

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றும் நேரத்தில் திறக்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கலைந்ததும் பூட்டுகிறார்கள். சபை உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. பத்து வெள்ளி (ரிங்கிட்) முன்பணம், ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம், இரண்டு வாரத் தவணை. பதிவெல்லாம் ஒரு நீள நோட்டில்தான். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஓவர்டைம் விழுந்துவிட்டால் வாட்சப்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தவணை நீளும். அபராதம் கிடையாது. இந்தத் தாராளத்தால்தான் தொடர்நாவல்களில் இரண்டாம் பாகம் எப்போதும் யாரோ ஒருவர் வீட்டிலேயே இருக்கிறது.

இருப்பு மூன்று வகை. தமிழ்நாட்டில் அச்சான, விசுவாச அனுபவத்தைக் கதையாகச் சொல்லும் மெல்லிய சாட்சி நாவல்கள், யாரோ வீடு காலி செய்தபோது பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போன ஆங்கில நாவல்கள், இங்கேயே எழுதி இங்கேயே அச்சடித்த சிறு நூல்கள். எது எங்கிருந்து வந்தது என்று தெரிய, பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பாருங்கள். 978-81, 978-93 என்று தொடங்கினால் இந்தியா. 978-967, 978-983 என்றால் மலேசியா. 978-955 என்றால் இலங்கை. எண்ணே இல்லாவிட்டால் பெரும்பாலும் சொந்தச் செலவில் போட்டது. தள்ளிவிடாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று வகையிலும் கதைக்கரு கிட்டத்தட்ட ஒன்றுதான். விசுவாசத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை. முன்னேற வேண்டும் என்ற துடிப்பு. வழியில் ஒரு காதல், அது சோதனையாக மாறுகிறது. கடைசியில் மனந்திரும்புதல், அல்லது தப்பித்தல். சட்டகத்தில் குறையில்லை. வேதாகமமே இந்தச் சட்டகத்தில் பல கதைகள் சொல்லியிருக்கிறது. தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். கதையும் விசுவாசமும் ஒரே கையில் சேர்வது நமக்குப் புதிதுமல்ல. கோளாறு வேறிடத்தில்.

சாட்சி நாவல்களில் பெரும்பாலானவை சோதனையை ஒரே ஒரு காட்சியில் முடித்துவிடுகின்றன. மழை இரவு, தனி அறை, கதாநாயகி ஒரு வசனத்தை நினைக்கிறாள், கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறாள். எழுதியவர் எகிப்தில் போத்திபாரின் வீட்டில் அடிமையாக இருந்த யோசேப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், ஆனால் பாதிதான் வாசித்திருக்கிறார். ஆதியாகமம் 39இல் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடுவது 12ஆம் வசனம். அதற்கு முன்னால் 10ஆம் வசனம் இருக்கிறது: போத்திபாரின் மனைவி நித்தம் நித்தம் பேசிக்கொண்டு வந்தாள். யோசேப்பு எத்தனையோ நாள் அதே வீட்டில், அதே வேலையில், அதே குரலைக் கேட்டபடி இருந்திருக்கிறான். நாவலுக்கு வேண்டியது அந்த நாட்கள்தான். யாக்கோபு நிருபம் முதல் அதிகாரமும் இந்த வரிசையைத்தான் வைக்கிறது: இழுக்கப்படுதல், சிக்குதல், இச்சை கருத்தரித்தல், பிறகு பாவம். நடுவிலுள்ள கட்டங்களை விழுங்கிவிட்டு முதலையும் முடிவையும் மட்டும் எழுதினால், வாசிக்கிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை. அவளுக்கு வரும் சோதனை மழை இரவில் வருவதில்லை. ஃபேக்டரி பஸ்ஸில் தினமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறது.

ஆகவே எடுப்பதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. முதல் அத்தியாயத்தை விடுங்கள். அதை எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். புத்தகத்தின் சரிபாதியைத் திறந்து நாலு பக்கம் படியுங்கள். மயக்குகிற ஆள் அங்கே நல்லவனாக, வேடிக்கையாகப் பேசுகிறவனாக, அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறவனாக இருந்தால் எடுங்கள். சிகரெட்டும் கூலிங் கிளாசுமாக வந்து நின்றால் திரும்ப வையுங்கள். ஆசைப்படவே முடியாத ஆளை மறுப்பதற்கு விசுவாசம் எதற்கு? அடுத்து, பாத்திரங்கள் ஜெபிக்கிற இடம் ஒன்றைப் பாருங்கள். ஜெபத்தில் கதைச்சுருக்கம் சொன்னால், அதாவது ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை வாசகருக்காகச் சொன்னால், ஆசிரியருக்குக் காட்சி எழுத வரவில்லை என்று அர்த்தம். கடைசி அத்தியாயத்தையும் புரட்டிப் பார்க்கலாம், தப்பில்லை. வேலை உயர்வும் கல்யாணமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால் அது சம்பளப் பட்டுவாடா. யோசேப்பு விற்கப்பட்டபோது பதினேழு வயது, பார்வோன் முன் நின்றபோது முப்பது. நடுவில் பதின்மூன்று வருஷம்.

முன்னேறும் ஆசையை இந்த நாவல்கள் நடத்தும் விதம்தான் அதிகம் உறுத்துகிறது. பெரிய வேலை வேண்டும், பட்டணத்துக்குப் போக வேண்டும், படிக்க வேண்டும் என்று எவன் நினைத்தாலும் அவன் விழுவான் என்று நாலாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்வது கொஞ்சம் அநியாயம். தோட்டத்து வீடு பல இடங்களில் வேலையோடு வருவது. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அப்பா ஓய்வு பெறும் முன் ஒரு மலிவு வீட்டுக்காவது முன்பணம் கட்ட வேண்டும், தம்பி மெட்ரிகுலேஷன் முடித்துப் பல்கலைக்கழகம் போனால் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனை யார் கட்டுவது என்று யோசிக்க வேண்டும். இந்த நெருக்கடியில் ஒரு பெண் சிங்கப்பூர் வேலைக்கு மனு போட்டால் அது உலக ஆசையா? வேதாகமம் இங்கே நாவலாசிரியர்களைவிட நுட்பமாக இருக்கிறது. தானியேல் பாபிலோன் அரண்மனையில் உயர்ந்த பதவி வகித்தான். அது குற்றமாகச் சொல்லப்படவில்லை. எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கேயாசி, எஜமான் வேண்டாம் என்ற காணிக்கைக்காக ஓடிப்போய் நாகமானிடம் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளி வாங்கியதுதான் குற்றம். ஆசைக்கும் அதை அடைய எடுக்கிற குறுக்கு வழிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டத் தெரிந்தவர் நல்ல நாவல் எழுதுகிறார். தேமாவைப் பற்றி யாரும் எழுதாதது ஆச்சரியம். கொலோசெயரிலும் பிலேமோனிலும் பவுலின் கூட்டாளியாக வருகிறவன், 2 தீமோத்தேயுவில் அவரை விட்டுவிட்டுத் தெசலோனிக்கேக்குப் போய்விடுகிறான். மூன்றே குறிப்பு, நடுவே ஒரு முழு நாவல் காலியாகக் கிடக்கிறது.

ஆங்கிலத் தட்டு வேகமாகப் பார்த்துவிடக்கூடியது. ஹார்லெகுவின் நிறுவனம் 1997இல் தொடங்கிய லவ் இன்ஸ்பயர்ட் வரிசைப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. ஏறத்தாழ 55,000 சொற்கள், அமெரிக்கச் சிற்றூர், சுத்தமான காதல், நிச்சயமான நல்முடிவு. சொன்னதைச் சரியாகச் செய்கிற புத்தகங்கள். ஆங்கிலம் பழக விரும்பும் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு நல்ல வாசிப்பு. பெற்றோருக்கும் பயமில்லை. ஆனால் அப்பா அம்மா சம்மதம் என்ற ஒன்று அந்தக் கதைகளில் பிரச்சினையே இல்லை. நம் ஊரில் அதுதான் பாதிக் கதை.

அதைத் தொட்டால் மதம் கடந்த காதலுக்கு வந்தாக வேண்டும். எஸ்டேட் லயத்தில் ஒரு வீடு இந்து, அடுத்த வீடு கிறிஸ்தவம். தீபாவளிப் பலகாரமும் கிறிஸ்துமஸ் கேக்கும் வேலிக்கு மேலே கைமாறும். அங்கே வளர்ந்த இரண்டு பேர் விரும்புவது எதிர்பாராததா என்ன? சாட்சி நாவல்கள் இந்த இடத்தில் அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படக் கூடாது என்னும் 2 கொரிந்தியர் 6:14ஐ எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகின்றன. அந்நிய நுகம் என்பதை ஒரு பாத்திரம் நம்பலாம், நம்பி அழலாம், அது கதை. வசனம் வந்தவுடன் வலி தீர்ந்துவிட்டது என்றால் அது கதையல்ல. நடைமுறையையும் பலர் விசாரிப்பதில்லை. கத்தோலிக்கர் ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு அனுமதி வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 1086. அந்த அனுமதிக்காகக் காத்திருக்கும் வாரங்களே ஓர் அத்தியாயம் தாங்கும். தேவாலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கும்போது இருக்கையில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது இன்னொன்று. சட்டப்படியும், 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தில் வழக்கமான முறை, பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் பொறுப்பது. 21 வயது நிரம்பாதவருக்குத் தகப்பனின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. இருபது வயதுக் கதாநாயகி வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டுக் கிளம்பி திங்கட்கிழமை பதிவுத் திருமணம் முடித்துத் திரும்பும் ஒரு நாவல் இந்த அலமாரியில் இருக்கிறது. மனந்திரும்புதல் அத்தியாயம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதற்குமேல் நம்ப முடியவில்லை.

தோட்டத்தைப் பின்னணியாக வைக்கும் கதைகளிலும் இப்படி ஓட்டைகள் உண்டு. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, மத்தியானத்தில் வெட்டுகிறார் ஒரு கதாநாயகர். விடிவதற்கு முன்னும் காலையிலும்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறக் குறையும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டே இல்லை, பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகும். அதனால்தான் மழைக்காலம் கடன் காலம், கடன் காலம் சோதனைக் காலம். இது தெரிந்த ஆசிரியருக்குக் கதை தானாகவே நகரும்.

இது தெரிந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். எண் இல்லாத சிறு நூல்களைத் தள்ள வேண்டாம் என்றது அதற்காக. எழுத்துப்பிழை மலிந்திருக்கும், பத்தி பிரிக்கத் தெரியாது, அட்டைப்படம் கண்ணை உறுத்தும். ஆனாலும் பினாங்குக்குத் தாதிமைப் பயிற்சிக்குப் போகும் பெண்ணைப் பற்றிய ஒரு நூல் இந்த அலமாரியிலேயே முதலில் எடுக்க வேண்டியது. பச்சை அட்டை, நடுத்தட்டு, இடது கோடி. அதில் மயக்குகிறவர் அதே சபையின் வாலிபர் கூட்டத் தலைவர். நன்றாகப் பாடுகிறார், நன்றாக ஜெபிக்கிறார், வேறொரு பெண்ணுக்கு நிச்சயமும் ஆனவர். சோதனை வெளியிலிருந்துதான் வரும் என்ற எண்ணத்தை இந்த ஒரு அமைப்பே உடைத்துவிடுகிறது. கதாநாயகி படிப்பையும் விடவில்லை, ஊருக்கும் திரும்பி வரவில்லை. ஆசிரியர் அதற்காக அவளைத் தண்டிக்கவும் இல்லை. கடைசி முப்பது பக்கம் பிரசங்கமாகிவிடுவது உண்மைதான். பொறுத்துக்கொள்ளலாம்.

புத்தகங்களின் நிலைமை சுமார். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறது, மழை சுவரில் ஊறுகிறது, கீழ்த்தட்டுப் புத்தகங்களில் பழுப்புப் புள்ளியும் பூஞ்சை வாடையும் ஏறிவிட்டன. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தாலே காற்றோட்டம் கிடைத்துப் பாதி சரியாகும். தமிழ்நாட்டுப் பதிப்புகள் பெரும்பாலும் தைக்காமல் பசையில் ஒட்டியவை. நடுவில் அழுத்தி விரித்தால் தாள் கழன்று வரும். ஈரமான புத்தகத்தைக் கடும் வெயிலில் போடாதீர்கள், பசை விட்டுப்போகும், தாள் நெளியும். நிழலில் விசிறிக் காற்றில் நிமிர்த்தி வைத்தால் போதும்.

அடுக்குமுறைதான் பெரிய குறை. தலைப்பின் அகரவரிசையில் அடுக்கியிருப்பதால், திருமணமானவர்களின் துரோகத்தைப் பேசும் நாவலும் ஓய்வுநாள் பள்ளிப் பரிசுக் கதையும் தோளோடு தோள் நிற்கின்றன. முதுகில் ஒட்ட இரண்டு நிறத்தாள் இருந்தால் போதும்: பதினைந்துக்கு மேல், பெரியவர்களுக்கு. தாவீது பத்சேபாளைப் பார்த்த கதையைப் பிள்ளைகளிடமிருந்து ஒளிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் அவன் எருசலேமிலேயே தங்கிவிட்டதிலிருந்து அந்த வீழ்ச்சி தொடங்குகிறது என்று பேசிப் புரியவைக்க ஒரு பெரியவர் கூட இருந்தால் நல்லது, அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, படித்தவர் இரண்டு வரி எழுதிவைக்கும் பழக்கம் வந்தால் அடுத்தவருக்கு இந்த விமர்சனமே தேவைப்படாது.

வாலிபர் கூட்டத்துக்கு ஒரு புத்தகம் தேடுகிறவர்கள் பச்சை அட்டையை எடுங்கள். ஒரே பிரதிதான், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கல்யாணப் பரிசாகக் கொடுக்க இந்த அலமாரியில் பார்த்த எதையும் தேடி வாங்கச் சொல்ல மாட்டேன். ரூத், எஸ்தர் கதைகளை விரித்து எழுதியவை மேல்தட்டில் இருக்கின்றன, பாட்டிமார் விரும்பிப் படிக்கிறார்கள், எழுத்தும் பெரிது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து இருப்பதால் ஆராதனை நீளும், அலமாரி தாமதமாகத்தான் திறக்கும். தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் வேறு வாரம் வருவது நல்லது.