காரைக்குடி தலையங்க வகுப்பு: தூதரகத் தகராறுகளில் ஆங்கிலச் சொற்கள்

வங்கித் தேர்வுக்கும் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிப்பவர்களுக்காகச் செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் முகப்பில் நடக்கும் மாலை வகுப்பு இது. வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம். கட்டணம் மாதம் 700 ரூபாய், நகல் செலவும் அதற்குள்ளேயே. கானாடுகாத்தான், பள்ளத்தூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள்.

அகரவரிசைச் சொல் பட்டியல் இங்கே கிடையாது. நாடுகளுக்கிடையே மூண்ட தகராறு பற்றிய ஆங்கிலத் தலையங்கம் ஒன்றை, இருபுறமும் ஓரம் விட்டு நகலெடுத்துத் தருகிறார்கள். நல்ல தேர்வு. சண்டை முற்ற முற்ற வினைச்சொல்லும் மாறும். தூதரை அமைச்சகத்துக்குக் கூப்பிட்டுக் கண்டித்தால் ‘சம்மன்’. முறைப்படி எதிர்ப்பைத் தெரிவித்தால் ‘டேமார்ஷ்’. தன் தூதரைத் தானே திரும்ப அழைத்தால் ‘ரீகால்’. வந்திருப்பவரை வெளியேறச் சொன்னால் ‘எக்ஸ்பெல்’. உறவின் மட்டத்தையே இறக்கினால் ‘டவுன்கிரேடு’, அறவே முறித்தால் ‘செவர்’.

ரீகாலையும் எக்ஸ்பெல்லையும் மாற்றிப் போடாதவர்கள் குறைவு. அதனால் ஒவ்வொரு வினைக்குக் கீழும் ‘யார், யாரை’ என்று எழுத வைக்கிறார்கள். 2024 அக்டோபர் 14 இதற்குப் பொருத்தமான பாடம். அன்று இந்தியா கனடாவிலிருந்து தன் ஹை கமிஷனரைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது, கனடாவின் தூதரக அதிகாரிகள் ஆறு பேரை வெளியேற்றவும் செய்தது. இரண்டு சொல்லும் ஒரே செய்தியில் எதிரெதிரே நிற்கின்றன. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பும் தூதரை ‘அம்பாசடர்’ என்று எழுதுவதில்லை, ‘ஹை கமிஷனர்’ என்றே எழுதும் என்பதும் அங்கேயே பதிந்துவிடும். ‘பெர்சோனா நான் கிராட்டா’, அதாவது ‘ஏற்கத்தகாதவர்’, வரும்போது தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 9-வது பிரிவையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: காரணம் சொல்லாமலே ஒரு தூதரை ஏற்க மறுக்கலாம்.

இந்த வகுப்பின் உண்மையான பலம் ‘அபெயன்ஸ்’ பாடத்தில் தெரிகிறது. 2025 ஏப்ரல் 23-ல் இந்தியா சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை ‘இன் அபெயன்ஸ்’ வைப்பதாகச் சொன்னது. பலர் நோட்டில் ‘ரத்து’ என்று எழுதிவிடுவார்கள். ரத்துக்கு ‘அப்ரோகேட்’, ‘ரிவோக்’ இருக்கின்றன. இதுவோ நிறுத்திவைப்பு மட்டும். 1960 ஒப்பந்தம் தாளில் அப்படியே இருக்கிறது. முன்னே ‘இன்’ வரும், வினை ‘ஹோல்ட்’ அல்லது ‘கீப்’. வினைக்கு நீலப் பென்சில், முன்னிடைச் சொல்லுக்குச் சிவப்பு. இந்தச் சிவப்புக் கோடுதான் தேர்வில் மதிப்பெண் தரும். ‘ரெனெக்’ (வாக்குத் தவறுதல்) என்றால் ‘ஆன்’, ‘அக்சீட்’ (இணங்குதல்) என்றால் ‘டு’, ‘எம்ப்ராய்ல்ட்’ (சிக்கிக்கொண்ட) என்றால் ‘இன்’ என்று கோடிட்ட இடத்தில் கேட்பார்கள். எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண். ஒரு தவறுக்கு அரை மதிப்பெண் கழியும்.

ஒரு தலையங்கத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் எடுக்க விடுவதில்லை. நோட்டில் ஒரு தகராறுக்கு ஒரு பக்கம். மூன்றாம் நாள் தாளை மூடிவைத்து ஐந்து வாக்கியத்தில் சுருக்கி எழுத வேண்டும், எட்டில் நாலு சொல்லாவது வர வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் சொல் கைக்கு வருவது அங்கேதான்.

குறைகளும் உண்டு. பிரெஞ்சிலிருந்து வந்த சொற்களின் உச்சரிப்பு மோசம்: ‘டெமார்ச்சே’ என்று பழக்கிவிடுகிறார்கள், நேர்முகத்தில் இது பல்லை இளிக்கும். அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய குறை, இந்திய நாளிதழ் மட்டுமே வைப்பது. பாக் நீரிணை மீனவர் பிரச்சினை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். கச்சத்தீவு, 1974, 1976 ஒப்பந்தங்கள் எல்லாம் தமிழில் ஏற்கெனவே படித்தவை. எனவே சொல் சுலபமாக ஒட்டும். ஆனால் இலங்கைத் தலையங்கத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் பாடம் முழுமையாகும். எல்லை தாண்டிப் போன படகை இங்குள்ள தாள் ‘ஸ்ட்ரே’ என்று எழுதும், அதாவது வழி தவறியது. அங்குள்ளது ‘போச்சிங்’ என்று எழுதும், அதாவது திருட்டு. சொல்லே கட்சி சேர்ந்து நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைக்காது. அதை விட்டுவிடுவது வருத்தமாக இருக்கிறது.

அடிப்படை இலக்கணமே தடுமாறுகிறவர்களுக்கு இது இப்போது வேண்டாம். நீண்ட கூட்டு வாக்கியங்களில் சிக்கிவிடுவார்கள். மற்றவர்கள் தாராளமாகச் சேரலாம். சேர்வதானால் மாத முதல் வாரத்தில் சேருங்கள். ஒரு தகராறை முதல் அறிக்கையிலிருந்து சமரசம் வரை வரிசையாக நடத்துகிறார்கள்; நடுவில் நுழைந்தால் ‘டவுன்கிரேடு’ கையில் இருக்கும், அதற்கு முந்தைய படிகள் இருக்காது.