டிஸ்கவரி போர்டும் சித்தப்பாவின் மோட்டாரும்: மூன்று வருட அனுபவம்

வண்ணார்பேட்டையில் வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் படிப்பதற்கென்று வாங்கிய எஸ்டிஎம்32 எஃப்4 டிஸ்கவரி போர்டு (மைக்ரோகண்ட்ரோலர் என்னும் குட்டிக் கணினி சிப்பை வைத்துப் பழகுவதற்கான போர்டு), இப்போது சேர்மாதேவியில் சித்தப்பாவின் வாழைத்தோட்டத்து மோட்டார் ரூமில் கிடக்கிறது. மூன்று வருடத்தில் வெளியிலிருந்து ஒரு சென்சார்கூட வாங்கிச் சேர்க்கவில்லை. போர்டிலேயே இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க ஒரு வீம்பு.

எல்லோரையும் போல முதலில் எல்இடி. போர்டின் நான்கு எல்இடிகளும் இருக்கும் பிடி12 முதல் பிடி15 வரையிலான பின்கள், சிப்புக்குள் இருக்கும் டைமர் 4-இன் நான்கு சேனல்களில் வருவதால், ஒரே டைமரில் நான்கையும் மங்கலாக்கி ஒளிர வைக்கலாம். ஒரு சாயங்காலத்து வேலை. கணினிக்கு எழுத்து அனுப்பும் சீரியல் போர்ட்டில்தான் வெறும் குப்பையாக வந்தது. போர்டில் வேகத்துக்குத் தாளம் போடுவது 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்; அந்த எண் கோடில் தப்பானால் அனுப்பும் வேகமும் தப்பாகிவிடும். நான் எடுத்த கோடில் 25 என்று கிடந்திருக்கிறது. அது தெரியாமல் இரண்டு நாள் வயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தப் போர்டில் எனக்குப் பிடித்தது அசைவையும் அதிர்வையும் அளக்கும் ஆக்சிலரோமீட்டர். பழைய ரகப் போர்டில் எல்ஐஎஸ்302டிஎல் சிப், பிந்திய ரகத்தில் எல்ஐஎஸ்3டிஎஸ்எச். முன்னதில் ஒவ்வொரு அச்சுக்கும் 8 பிட், பின்னதில் 16. சிப் தன் அடையாள எண்ணை வைத்திருக்கும் ரெஜிஸ்டரைப் படித்தால் பழசு ஹெக்ஸில் 3பி சொல்லும், புதுசு 3எஃப். இதை முதலில் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். சிப்புகள் பேசிக்கொள்ளும் எஸ்பிஐ 1 இணைப்பின் பிஏ5, 6, 7 பின்கள் அதற்கே போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் அடைத்துவிட்டால் தோட்டத்துக்குக் கிணற்று மோட்டார்தான் கதி. அதன் அதிர்வைப் பார்க்கலாமே என்று போர்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அடியில் பின்கள் நீட்டிக்கொண்டிருப்பதால் இரும்பின்மேல் அப்படியே வைத்தால் ஷார்ட் ஆகிவிடும். ஸ்பாஞ்ச் டேப்பில் ஒட்டினேன். பாதி அதிர்வை டேப்பே தின்றுவிட்டது. பிறகு பின்களுக்குத் துளையிட்ட மரப்பலகையை மோட்டார் பாதத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன். நொடிக்கு 400 மாதிரி (அளவீடு), எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று பிரித்துக் காட்டும் 512 புள்ளி எஃப்எஃப்டி கணக்கு. 48 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு முனை பளிச்சென்று நின்றது. நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடும் மோட்டாருக்குச் சரியான இடம்.

"ஏல, நாடி புடிச்சுப் பாக்க வைத்தியரு மாதிரில்லா இருக்க" என்றார் சித்தப்பா.

எண்களை ஒலியாக்கும் ஆடியோ டிஏசி சிப்பில் ஒரு சைன் அலை கேட்க ஒரு வாரம் ஆனது. பிடி4 பின்னை உயர்த்தி அந்தச் சிப்பை ரீசெட்டிலிருந்து விடுவிக்க வேண்டும், அது ஓடுவதற்கான மாஸ்டர் கிளாக் துடிப்பும் கொடுக்க வேண்டும். ஒன்று விட்டாலும் மௌனம். மைக் பக்கம் நான் அதிகம் போகவில்லை. மணி காட்ட ஆர்டிசியை (சிப்புக்குள் இருக்கும் கடிகாரத்தை) நம்பியது என் தப்பு. அதற்கான 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போர்டில் பொருத்தி வருவதில்லை. உள் ஆசிலேட்டரை வைத்து ஓட்டினால், சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு நடக்கும். மினி யுஎஸ்பி கேபிளையும் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் அந்த 48 ஹெர்ட்ஸ் முனை நாளுக்கு நாள் உயர்ந்தது. போய்ப் பார்த்தால் பவுண்டேஷன் போல்ட் ஒன்று லூஸ். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் தை மாதம் பேரிங் போனபோது என் கிராஃபில் ஒன்றுமே தெரியவில்லை. நொடிக்கு 400 மாதிரி எடுத்தால் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்காது. பேரிங்கின் முதல் முனகல் அதற்கு எவ்வளவோ மேலே. ஸ்க்ரூடிரைவரை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டே சித்தப்பா சொல்லிவிட்டார்.

இப்போது 1600-க்கு மாற்றி வைத்திருக்கிறேன். ஸ்க்ரூடிரைவரும் பலகைக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.