மூலத்தைப் படிப்பதா, உலாவியைக் கவனிப்பதா: பக்கத்தின் துணைக்கோப்புகளைக் கண்டறியும் இரு வழிகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இயங்கும் தமிழ் அமைப்பு ஒன்றின் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றபோது, ஒவ்வொரு பக்கமும் ஒழுங்காகத் தெரிய எந்தெந்த வெளிக்கோப்புகள் தேவை என்பதைத்தான் முதலில் கண்டறிய வேண்டியிருந்தது. பக்கத்தின் மூலத்தை, அதாவது அதை உருவாக்கும் குறிவரிகளைப் படித்துப் பட்டியலிடுவது ஒரு வழி. பக்கத்தை உலாவியில் திறந்து, அது கேட்டு வாங்கும் கோப்புகளைக் கவனிப்பது மற்றொரு வழி.

முதல் வழிக்கு, இணையக் கோப்புகளைக் கட்டளை மூலம் இறக்கித் தரும் விகெட் (Wget) கருவி போதும். ‘பேஜ் ரெக்விசிட்ஸ்’ (பக்கத்துக்குத் தேவையானவை) விருப்பத்தைக் கொடுத்தால் படங்களையும், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைத்தாள்களையும் (CSS) அது இறக்கித் தரும். 2009இல் வந்த 1.12ஆம் பதிப்பிலிருந்து, நடைத்தாளுக்குள் எழுதப்பட்டிருக்கும் முகவரிகளையும் பின்தொடர்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கையாள இதுவே ஏற்றது. ஆனால் பக்கத்துக்குள் இயங்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்டை இது இயக்காது. வேறு வழங்கியில் (சர்வரில்) இருக்கும் கோப்புகளைத் தனியாக அனுமதித்தாலன்றித் தொடாது. எழுத்துருக்கள் பல வேளைகளில் வேறு வழங்கியில்தான் இருக்கின்றன.

இரண்டாம் வழிக்கு உதவுவது, பக்கம் கேட்டு வாங்கும் கோப்புகளை வரிசையாகக் காட்டும் உலாவியின் நெட்வொர்க் பலகம். அது ஜாவாஸ்கிரிப்ட் வரவழைக்கும் கோப்புகளையும் காட்டும் என்பதால் அதையே முழுமையானது என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. அந்தக் கணினியில், அந்தத் திரையளவில், அந்த ஒருமுறைக்குத் தேவைப்பட்டவை மட்டுமே அதில் பதிவாகும். கீழே உருட்டாதவரை, தாமதமாக ஏற்றும்படி குறிக்கப்பட்ட படங்கள் வராமல் போகலாம். மலாய் முகப்புப் பக்கத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லையென்றால், எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியாக்கமான யூனிகோடில் தமிழுக்குரிய வரம்புக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட எழுத்துருவை உலாவி கேட்காது.

என் கணினியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நடைத்தாள் முதலில் கணினியிலேயே அந்த எழுத்துருவைத் தேடி, இல்லாவிட்டால் மட்டுமே இணையத்திலிருந்து எடுக்கும்படி எழுதப்பட்டிருந்தது. என்னிடம் அது ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்ததால் பலகத்தில் எழுத்துருவுக்கான வரியே வரவில்லை. பக்கமோ அழகாகத் தெரிந்தது. சேமித்த கோப்புறையை நண்பரின் மடிக்கணினியில் திறந்தபோது தலைப்புகள் வேறு வடிவில் வந்து, வரிகள் உடைந்து நின்றன. படம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஓர் அடையாளமாவது தெரியும். எழுத்துரு இல்லாவிட்டாலோ உலாவி வேறொன்றை எடுத்து ஓசையின்றி இட்டு நிரப்பிவிடுகிறது.

யூனிகோட் பரவலாவதற்கு முந்தைய பக்கங்களில் நிலைமை இன்னும் கடினம். கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த 2001ஆம் ஆண்டுக் காலத்தில் டிஸ்கி (TSCII), தாப் (TAB) போன்ற தமிழுக்கான தனிக் குறியாக்கங்கள் புழக்கத்தில் இருந்தன. அத்தகைய பக்கங்கள் பலவற்றில் எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும், முகவரி இருக்காது. பின்தொடர முகவரி இல்லாததால் விகெட் அதை இறக்காது; கேட்க வேண்டிய கோப்பே இல்லாததால் நெட்வொர்க் பலகத்திலும் அது வராது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அந்தத் தமிழ் முழுவதும் ஒட்டுக்குறியிட்ட லத்தீன் எழுத்துகளாகச் சிதறித் தெரியும்.

ஆகவே என் தேர்வு, வெளி வழங்கிகளுக்கும் அனுமதி தந்து மூலத்தைப் படிக்கும் வழியில் தொடங்குவது. தேவைக்கு அதிகமாகச் சேர்ந்துவிட்ட கோப்பைப் பின்னர் நீக்கலாம்; வழங்கி மூடப்பட்ட பிறகு விடுபட்ட கோப்பை மீட்க முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் உள்ள பக்கங்களுக்கு மட்டும் உலாவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நடைத்தாள்களிலும் பழைய பக்கங்களின் எழுத்துருக் குறிச்சொற்களிலும் உள்ள எழுத்துருப் பெயர்களைத் தனியாகத் திரட்ட வேண்டும். இறுதிச் சோதனையை, கூடுதல் தமிழ் எழுத்துரு எதுவும் நிறுவாத கணினியில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுச் செய்வதே முறை.